கணக்கு மிஸ் பதில்கள்: மணி அடித்த பிறகு

(பெங்களூரு அல்சூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆசிரியர்கள் எழுதியவை.)

எங்கள் பள்ளியில் சனிக்கிழமைதோறும் 'ரிஃப்ளெக்‌ஷன்' என்று ஒரு கூகுள் ஃபார்ம் வருகிறது. எது நன்றாக நடந்தது, எதை இன்னும் சரி செய்யலாம் என்று இரண்டு கட்டம். போன வாரம் எழுதியதையே மறுபடி ஒட்டி அனுப்புகிறேன். எல்லோரும் அப்படித்தான். பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பாடம் எடுக்கிற எனக்கு, என்னைப் பற்றித் தெரியாதது இனி என்ன இருக்கப் போகிறது மிஸ்?
— ஆசிரியை, லிங்கராஜபுரம்

ஒட்டியே அனுப்புங்கள். அந்த ஃபார்முக்கு அவ்வளவு மரியாதை போதும். ஆசிரியர் ஒவ்வொருவரும் வருடத்துக்கு 50 மணி நேரமாவது தொழில் வளர்ச்சிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. கணக்குக் காட்ட ஏதாவது ஒன்று கையில் இருக்கட்டும் என்று பள்ளிகள் நினைக்கின்றன போல. அது அவர்கள் பாடு.

ஆனால் உங்கள் கடைசிக் கேள்வியை அப்படி விட மாட்டேன்.

என்னோடு வேலை பார்த்த ஒரு பெண், ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். ஸ்டாஃப் ரூமில் அவளுக்குப் பொறுமைசாலி என்று பெயர். ஒருநாள் போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு, மேஜையில் டஸ்டர் பக்கத்தில் வைத்துவிட்டுப் பின்னம் கூட்டல் நடத்தினாள். பத்து நிமிடம்தான். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமல், இயர்போனில் ஒரு பக்கம் அவள் காதிலும் மறுபக்கம் என் காதிலுமாக உட்கார்ந்து கேட்டோம்.

முதலில் காதில் விழுந்தது 'புரிஞ்சுதா?' ஒவ்வொரு வரிக்கும் ஒரு புரிஞ்சுதா. உடனே வகுப்பே ராகம் போட்டு, 'புரிஞ்சுது மிஸ்ஸ்...' அதற்கு வேறு பதில் வந்ததே இல்லை. வரவும் வராது, 'புரியலை' என்று சொல்ல யாருக்குத் துணிச்சல்? அப்புறம், அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்கிறாள். கேட்ட கையோடு அவளே, 'கீழே இருக்கிற நம்பரைப் பொதுவாக்கணும், இல்லையா?' என்று ஆரம்பித்துவிடுகிறாள். நடுவே சின்னக் குரலில் ஒரு பையன்: 'மேல கூட்டுறோம்ல, கீழயும் கூட்டினா என்ன மிஸ்?' அவள் குரல் அதன் மேல் ஏறிப் போய்விடுகிறது. 'போர்டைப் பாரு.'

வகுப்பில் அந்தக் குரல் தன் காதில் விழவே இல்லை என்றாள். பொய் சொல்கிற பெண் இல்லை.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே அறிவியல் வகுப்புகளை டேப்பில் பதிவு செய்து, இதைத்தான் அளந்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடிதான். அதை 3 விநாடி ஆக்கினால் பிள்ளைகளின் பதில் நீளுகிறது, வாயே திறக்காதவர்களும் பேசுகிறார்கள், 'தெரியாது' குறைகிறது. 3 விநாடி பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். போர்டு முன்னால் நின்று ஒருமுறை சும்மா இருந்து பாருங்கள், தெரியும்.

அடுத்த வாரம் அந்தப் பையனை அவளே எழுப்பி, 'அன்னைக்கு என்னமோ கேட்டியே, சொல்லு' என்றாள். கேட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள் (அவளே சொன்னது). பையன் கிரிக்கெட்டுக்குப் போனான். 'எங்க டீம் போன வாரம் ரெண்டு மேட்ச்ல ஒண்ணு ஜெயிச்சது. இந்த வாரம் மூணுல ஒண்ணு. மொத்தம் அஞ்சுல ரெண்டு. சரிதானே மிஸ்?' சரிதான்! மேட்ச் கணக்குக்கு அவன் வழி சரி. ஒரே ரொட்டியில் பாதியும் மூன்றில் ஒரு பங்கும் சாப்பிட்டால் அது உதவாது, ஏனென்றால் அங்கே முழுசு ஒன்றுதான். மேட்சில் முழுசே மாறுகிறது. பின்னத்தில் பிள்ளைகள் சறுக்குகிற இடமே இதுதான். அந்தப் பீரியட் முழுக்க ரொட்டியும் மேட்சுமாகவே போனது. போர்ஷன் ஒரு நாள் பின்தங்கியது, உலகம் இடிந்துவிடவில்லை.

அவள் தன்னைப் பற்றித் தெரிந்துகொண்டது இது: நோட்டுத் திருத்துவதில் பொறுமை உண்டு, லேட்டாக வருகிற பிள்ளையிடம் பொறுமை உண்டு, வகுப்பு அமைதியாக இருந்தால் மட்டும் அந்தப் பொறுமை காணாமல் போய்விடுகிறது. கூகுள் ஃபார்மில் இதற்குக் கட்டம் கிடையாது. பத்து வருடம் பாடம் எடுத்தால் பாடம் நன்றாகத் தெரியும். நாம் எப்படி எடுக்கிறோம் என்பது எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த ரிஃப்ளெக்‌ஷன் சமாசாரமெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. நம் ஊர் வாத்தியார்கள் தங்களைத் தாங்களே ஆராய்ந்துகொண்டா பாடம் நடத்தினார்கள்?
— வாசகர், ஸ்ரீராமபுரம்

சொல் வெளிநாட்டிலிருந்து வந்தது, ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவின் டொனால்ட் ஷோன் 1983இல் எழுதிய பிறகுதான் அது ஊரெல்லாம் பரவியது. வேலை செய்துகொண்டிருக்கும்போதே யோசித்துக் கையை மாற்றுவது ஒன்று, வேலை முடிந்தபின் திரும்பிப் பார்ப்பது இன்னொன்று என்று அவர் பிரித்துக் காட்டினார். ஆனால் ஐயா, நன்னூல் பாயிரத்தை ஒருமுறை புரட்டுங்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர், எழுத்தையும் சொல்லையும் தொடுவதற்கு முன்னாலேயே யார் ஆசிரியர், யார் ஆசிரியர் ஆகக் கூடாது என்று பட்டியல் போட்டுவிட்டார். ஆகாதவர்களுக்கு அவர் சொல்லும் உவமைகள் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு. கழற்சிக்காய் போட்ட குடத்தைக் கவிழ்த்தால் போட்ட வரிசையில் வராது. சில பேர் பாடம் அப்படி.

எனக்குப் பிடித்தது முடத்தெங்கு. தண்ணீர் ஊற்றுவது ஒருவர் வீட்டில், வளைந்து போய்க் காய் போடுவது அடுத்த வீட்டில்.

எங்கள் பள்ளியில் சமூக அறிவியல் எடுத்த ஒரு சீனியர் சாரிடம் இதைச் சொன்னேன். 'என் தேங்காய் எங்கே விழுதுன்னு பாத்துடலாம் வாங்க மேடம்' என்று என்னைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார். ஒரு தாளில் பெஞ்சுகளை வரைந்துகொண்டு, அவர் யாரைப் பார்த்துப் பேசினாலும் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டேன். அபிப்பிராயம் ஒரு வரி எழுதவில்லை, கோடு மட்டும். பீரியட் முடிந்து பார்த்தால் வாசல் பக்கம் கோடுகள் அப்பிக் கிடக்கின்றன. ஜன்னலோர வரிசை வெள்ளையாக இருக்கிறது. அந்த வரிசைப் பிள்ளைகள் மந்தம் என்று போன டெர்மில் அவர்தான் பேரன்ட்ஸ் மீட்டிங்கில் சொன்னார்.

தாளை வெகு நேரம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். 'அந்தப் பக்கம் ஃபேன் ஓடாது மேடம். அதான் நான் போறதே இல்லை.'

நாம் பாரபட்சம் என்றால் சாதி, மார்க், அழகு என்று பெரிதாக யோசிக்கிறோம். அவையும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாதி நேரம் காரணம் ஒரு ஓடாத ஃபேன். ஹெச்.எம்.மிடம் லெட்டர் கொடுத்தார், ஃபேன் வந்தபாடில்லை. அவர் போக ஆரம்பித்தார்.

வகுப்பை ஆடியோ ரெக்கார்டு செய்வது சட்டப்படி சரியா?
— ஆசிரியர், சிவாஜிநகர்

ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கும் தெரிவித்துவிட்டுச் செய்யுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் எல்லோரும் குழந்தைகள்தான். அவர்கள் விஷயத்தில் பெற்றோர் சம்மதம் கேட்கிறது சட்டம். அதனால் பள்ளி வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், பின் பெஞ்சில் ஒரு சக ஆசிரியரும் ஒரு தாளும் போதும். அனுமதி கிடைத்தால் கேட்டு முடித்த அன்றே அழித்துவிடுங்கள். வீடியோ வேண்டாம். வீடியோவில் நாம் புடவை மடிப்பைப் பார்ப்போம், தொப்பையைப் பார்ப்போம், பாடம் காதில் ஏறாது. ஸ்டாஃப் வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது.

பி.எட். இரண்டாம் ஆண்டு. இன்டர்ன்ஷிப்பில் தினமும் ரிஃப்ளெக்டிவ் ஜர்னல் எழுத வேண்டும். கிப்ஸ் சொன்ன ஆறு படிகளில் எழுதச் சொல்கிறார்கள். இரண்டாவது படி 'உணர்வுகள்'. 'மகிழ்ச்சியாக இருந்தது', 'பதற்றமாக இருந்தது' தவிர எனக்கு எதுவும் எழுத வரவில்லை அக்கா.
— மாணவி, பானசவாடி

அக்கா என்று கூப்பிட்டதற்கு முதலில் நன்றி, எனக்குப் பேத்தி இருக்கிறாள்.

பி.எட். 2015இல் இரண்டு ஆண்டுப் படிப்பானபோது, 20 வாரம் பள்ளியில் இருந்தே ஆக வேண்டும் என்பதும், 'தன்னைப் புரிந்துகொள்ளுதல்' என்று தனியாக ஒரு பகுதியும் அதில் வந்தன. நல்ல யோசனை. அதை ஃபைல் தைத்து அட்டை போட்டுச் சமர்ப்பிக்கிற வேலையாக்கியது நம் கல்லூரிகளின் சாமர்த்தியம். கிரஹாம் கிப்ஸ் 1988இல் அந்த ஆறு படிகளைக் கொடுத்தார்: நடந்தது, உணர்வு, மதிப்பீடு, அலசல், முடிவு, அடுத்து என்ன. நர்ஸிங் மாணவர்களும் இதில்தான் எழுதுகிறார்கள். படிகளில் கோளாறு இல்லை. முதல் படியை நீ ஒரு வரியில் தாண்டிவிடுகிறாய் என்று நினைக்கிறேன். 'ஒளிச்சேர்க்கை பாடம் நடத்தினேன், மாணவர்கள் ஆர்வமாகக் கவனித்தனர்' என்று எழுதினால் அதற்கு என்ன உணர்வு வரும்?

இப்படி எழுதிப் பார்: 'மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண், ராத்திரி செடி என்ன செய்யும் என்று கேட்டாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.' ஏன் பார்த்தாய்? பதில் தெரியாததாலா, நேரம் ஆகிவிட்டதாலா, பின்னால் மேற்பார்வைக்கு வந்த லெக்சரர் உட்கார்ந்திருந்ததாலா? இரண்டாவது படி தானாக நிரம்பும். ஆறு படியும் தினமும் வேண்டாம். கல்லூரிக்குக் கொடுப்பதில் ஆறும் இருக்கட்டும், உனக்கென்று எழுதுவதில் முதல் படியே ஒரு பக்கம் வரட்டும்.

ஒரு வருடமாக டைரி எழுதுகிறேன். எழுத எழுத மனசு சோர்ந்து போகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் என் குறைதான். இந்த வேலைக்கே நான் லாயக்கில்லையோ என்று தோன்றுகிறது.
— பெயர் வேண்டாம், மர்ஃபி டவுன்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அந்த ஒரு பக்கத்தில் 'நான்' அத்தனை இடத்தில் வருகிறது, பிள்ளை ஒன்றுகூட வரவில்லை. உங்கள் டைரியும் அப்படித்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். என்னதான் செய்வது என்று கேட்டால், என் நோட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி பெங்களூருக்கு வந்தவள் நான். என் கன்னடம் காய்கறி வண்டியில் கற்றது. பள்ளியோ பெயருக்கு இங்கிலீஷ் மீடியம். வகுப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம், தக்கினி உருது நான்கும் புரளும். நோட்டில் வலது பக்கம் மட்டும் எழுதுவேன், இடது பக்கம் காலி. ஒரு தசரா லீவில், கொலு எடுத்து வைத்த கையோடு உட்கார்ந்து மொத்தத்தையும் படித்தேன். 'இன்று நன்றாகப் போனது' என்று எழுதியிருந்த பக்கங்களில் மட்டும் இடது பக்கத்தில் காரணம் எழுதலாம் என்று யோசனை. என் விளக்கம் பிரமாதமாக அமைந்த நாட்களாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பார்க்கிறேன், அப்படி இல்லை. எல்லாப் பக்கத்திலும் யாரோ ஒரு பிள்ளை எனக்கு விளக்கிக்கொண்டிருக்கிறது!

ஒன்று சொல்கிறேன். ஏழாம் வகுப்பு, குறை எண்கள். மைனஸ் இரண்டிலிருந்து மூன்றைக் கழித்தால் எவ்வளவு? வகுப்பில் பாதி 'ஒன்று' என்கிறது. கன்னடம் பேசுகிற ஒரு பெண் எழுந்து கடகடவென்று ஏதோ சொன்னாள். எனக்குப் பிடிபடவில்லை. 'இன்னொரு தடவை, மெதுவா' என்றேன். அவள் அம்மா ஒரு அபார்ட்மென்டில் வீட்டு வேலை செய்கிறவர். இவள் லீவு நாளில் கூடப் போய் லிஃப்டில் ஏறி இறங்கி விளையாடுவாள். தரைத்தளம் பூஜ்யம், அதன் கீழே கார் நிற்கிற தளங்கள். இரண்டாம் பேஸ்மென்டில் நின்றுகொண்டு இன்னும் மூன்று தளம் இறங்கினால் மேலே எப்படி வரும்? எனக்கு அப்போதும் அரைகுறை. மூன்றாம் முறை அவளே போர்டுக்கு வந்து லிஃப்ட் பட்டன்களை மேலிருந்து கீழாக வரைந்தாள். பின்னாலிருந்து ஒருவன் தமிழில் எனக்கு மொழிபெயர்க்கிறான், இன்னொருவன் தெலுங்கில் அவனோடு சண்டை போடுகிறான். முதல் தடவை அவள் சொன்னதற்கும் மூன்றாம் தடவை சொன்னதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

இதையும் நன்னூல் சொல்லிவிட்டது (ஸ்ரீராமபுரம் ஐயா கவனிக்க). ஆசிரியர் சொல்வதை ஒழுங்காகக் கேட்டால் கிடைப்பது கால் பங்கு. கூடப் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி இரண்டு காலும் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். என் ஓட்டைக் கன்னடம் அந்தப் பெண்ணுக்கு மீதி இரண்டு காலைக் கொடுத்திருக்கிறது. நன்றாக விளக்குகிற டீச்சர் என்று என்னைப் பற்றி ஒரு எண்ணம் இருந்தது. விளங்காமல் நிற்பதுதான் என் பலம் என்றது நோட்டு. அதற்கப்புறம் நன்றாகப் புரிந்த இடத்திலும் முழிக்க ஆரம்பித்தேன். தமிழ்ப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். 'மிஸ், உங்களுக்குத் தெரியும். நடிக்கிறீங்க!' தெரிந்தும் விளக்கினார்கள், அது வேறு.

ஆகவே டைரியைத் தூக்கிப் போட வேண்டாம். முதல் நாலைந்து வரியில் 'நான்' வரக் கூடாது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை என்ன சொன்னது, என்ன வரைந்தது, எங்கே முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று எழுதுங்கள். தேவைப்பட்டால் பிள்ளைகளையே கேட்கலாம். ஸ்டீஃபன் ப்ரூக்ஃபீல்டு என்ற கல்வியாளர் வார இறுதியில் மாணவர்களிடம் ஐந்து கேள்விகள் கொடுத்துப் பெயர் போடாமல் எழுதி வாங்குவார். நான் அதிலிருந்து இரண்டை எடுத்துக்கொண்டேன்: எந்த நேரத்தில் பாடத்தோடு ஒட்டிப் போனாய், எந்த நேரத்தில் குழம்பிப் போனாய். துண்டுச் சீட்டில் எந்த பாஷையில் வேண்டுமானாலும் எழுதலாம். முதல் வாரம் 'மிஸ் சூப்பர்' என்றே வரும், பயம்தான். போகப் போகச் சரியாகும்.

வேலைக்கு லாயக்கா இல்லையா என்று ராத்திரி பத்து மணிக்கு முடிவு செய்ய வேண்டாம். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் வாரக்கணக்கில் இப்படியே இருந்தால் டைரியை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நான் ஸ்கூல் டீச்சர் இல்லை. வீட்டு ஹாலில் டியூஷன் எடுக்கிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை எல்லாம் ஒரே பாயில். இதற்கெல்லாம் நேரம் ஏது மிஸ்?
— இல்லத்தரசி, ஈஜிபுரா

உங்களிடம் இருக்கிற வசதி ஸ்கூல் டீச்சருக்கு இல்லை. ஒரே பிள்ளையை வருடக்கணக்கில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள். எழுத வேண்டாம். யார் நோட்டில் உங்கள் கையெழுத்து அதிகம் என்று மட்டும் வாரத்தில் ஒரு நாள் பாருங்கள். ஹோம்வொர்க்கை அவர்கள் போடுகிறார்களா, அம்மாக்கள் கேட்பார்களே என்று நீங்களே போட்டுக் கொடுக்கிறீர்களா என்பது அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் எட்டாம் வகுப்புப் பையனை மூன்றாம் வகுப்புக்கு வகுத்தல் சொல்லித்தரச் சொல்லிவிட்டு நீங்கள் போய் டீ போடுங்கள். சமையலறையிலிருந்து காதை மட்டும் தீட்டி வையுங்கள். அவன் உங்களை மாதிரியே பேசுவான். திட்டுவதும் உங்களை மாதிரியே இருக்கும்.

நான் எனக்காக எழுதி வைத்திருக்கும் நோட்டை, அப்ரைசலுக்காக மேனேஜ்மென்ட் கேட்கிறது. கொடுக்கலாமா?
— ஆசிரியர், கே.ஆர்.புரம்

கூடாது. அவர்களுக்கென்று வேறு நோட்டுப் போடுங்கள், நீல அட்டை போட்டு, மார்ஜின் அடித்து, அழகான கையெழுத்தில். அவர்களுக்கு அது பிடிக்கும். உங்களுடையது வீட்டில் கேஸ் புத்தகம், ரேஷன் கார்டோடு இருக்கட்டும்.